குழாய் அடைத்துக்கொண்டது என்ற வரி

1

இந்தக் கதை நான் வாங்கிய திட்டிலிருந்து பிறந்தது. அதை மறைத்துவிட்டு, ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது தானாக வந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் திட்டியவள் இதைப் படிப்பாள்.

திட்டியவள் என் தங்கை. மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்துகொடுக்கும் அலுவலகத்தில் வேலை. என் கதைகளை அவள் படிப்பது பாசத்தால் அல்ல. தப்பு கண்டுபிடிப்பதில் உள்ள ருசியால். போன வருடம் நான் எழுதிய கதையில் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில் கிடப்பார். நடுவில் ஒரு வரி வரும்: 'அவருக்கு உணவு செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது, பிறகு சரியாயிற்று.' சிக்கனமாக எழுதிவிட்டோம் என்று எனக்கு அந்த வரியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எந்தக் குழாய்ண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"சாப்பாட்டுக் குழாய்."

"மூக்கு வழியாப் போறதா, வயித்துல துளை போட்டு வச்சதா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. "வயித்துல" என்றேன், தைரியமாக.

"எதனால அடைச்சுது?"

"அடைச்சுது, அவ்வளவுதான். கதைக்கு அது முக்கியம் இல்ல."

"எப்படிச் சரியாச்சு? யாரு சரி பண்ணினா?"

"ஏம்மா, அவரு அடுத்த பக்கத்துல செத்தே போயிடறாரு."

"சாவுக்கு ரெண்டு பக்கம் எழுதத் தெரியுது. குழாய்க்கு ஒரு வரி. இதை ஒரு டாக்டர் எழுதியிருந்தா நான் திருப்பி அனுப்பியிருப்பேன்."

ஆக, இந்தக் கதை வேறொன்றும் இல்லை. திரும்பி வந்த அந்த ஒரு வரிதான். விளக்கம் சேர்த்து மறுபடி அனுப்புகிறேன்.

2

கதைக்குள் போவதற்கு முன் ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். (விளக்குவது எனக்குப் பிடிக்கும். அவசரம் உள்ளவர்கள் மூன்றாம் பகுதிக்குத் தாவலாம். தாவினால் நடுவழியில் திரும்பி வருவீர்கள், பரவாயில்லை.)

விழுங்க முடியாமல் போனவர்களுக்கு வயிற்றின் தோலில் சிறிய துளை போட்டு, அது வழியாக ஒரு மெல்லிய குழாயை இரைப்பைக்குள் வைப்பார்கள். வெளியே தொங்கும் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி, உணவைப் பால் பதத்தில் கலந்து விடுவார்கள். குழாய் பார்க்கப் பென்சில் தடிமன் இருக்கும். உள்ளே இருக்கும் வழி அதைவிடக் குறுகல். எனவே அடைப்பது இயல்பு. மாத்திரையைச் சரியாகப் பொடிக்காவிட்டால் அடைக்கும். பால் கெட்டியானால் அடைக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டு அலசாவிட்டால் அடைக்கும். சில சமயம் குழாய் எங்காவது வளைந்து மடிந்திருக்கும். அது அடைப்பே அல்ல, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அடைப்பு மாதிரியே இருக்கும்.

எடுக்கும் வழியும் ஒன்றல்ல. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சால் உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, மறுபடி தள்ளிப் பார்ப்பார்கள். போகாவிட்டால் அடைப்பைக் கரைக்கும் மருந்து. அதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்ரே அறையில் படத்தைப் பார்த்துக்கொண்டே கருவி விட்டு எடுப்பார்கள். கடைசியாக, குழாயையே மாற்றுவது.

என் தங்கை மாதிரியான கோடர்கள், நோயாளி வீட்டுக்குப் போன பிறகு டாக்டர் எழுதிய குறிப்புகளைப் படித்து, என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்பதை எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாக, அதாவது கோடுகளாக, மாற்றுகிறார்கள். காப்பீட்டுக்காரர்கள் படிப்பது அந்தக் கோடுகளைத்தான். படுக்கை ஓரத்தில் தண்ணீர் விட்டு எடுத்ததும், எக்ஸ்ரே அறையில் கருவி விட்டு எடுத்ததும் அவர்கள் கணக்கில் ஒன்றல்ல. 'அடைப்பு நீக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் கோடர் ஊகிக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதிக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். கேள்விக்குள் பதிலை ஒளித்து வைத்துக் கேட்கக் கூடாது. 'எக்ஸ்ரே பார்த்துதானே எடுத்தீங்க?' என்று கேட்டால் டாக்டர் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். 'எப்படி எடுத்தீர்கள்?' என்றுதான் கேட்க வேண்டும். உதவிக்கு வழிகளைக் கொடுத்தால் எல்லா வழிகளையும் கொடுக்க வேண்டும். 'வேறு' என்பதையும், 'தெரியவில்லை' என்பதையும் சேர்த்து.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனிதர்கள் கேட்கும் எந்தக் கேள்வியும் சும்மா காதில் விழுவதில்லை. 'சாப்பாடு நல்லாத்தானே இருக்கு?' 'கோபம் இல்லையே?' உலகம் முழுக்கத் தலையாட்டல்களால் ஓடிக்கொண்டிருக்கிறது.

3

கதையை எங்கே தொடங்குவது? முதலில் இப்படித் தொடங்கினேன்:

'திரையில் வந்த நோயாளியின் பெயரைப் பார்த்ததும் அவள் விரல்கள் உறைந்து நின்றன. அது அவளுடைய சொந்த அப்பா—'

தங்கை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. "சொந்தக்காரங்க ஃபைல் வந்தா கையை வைக்கவே கூடாது. உடனே டீம் லீட்கிட்ட சொல்லி மாத்திவிட்டுடணும். உன் கதாநாயகி மாத்திவிட்டுட்டு காபி குடிக்கப் போயிடுவா. அப்புறம் நீ யாரை வச்சுக் கதை எழுதுவ?"

இரண்டாவது முயற்சி:

'வெளியே மழை. உள்ளே, குழாயின் வழியே சொட்டுச் சொட்டாக—'

இதை நானே அடித்துவிட்டேன். மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவது நிற்கிறது. கதாநாயகியை அலுவலகத்தில் 'கேள்விக்காரி' என்று கூப்பிடுகிறார்கள். குறைவாக எழுதும் டாக்டர்களுக்கு அதிகமாகக் கேள்வி அனுப்புகிறவள் என்பதால் டீம் லீட் வைத்த பெயர். கண்ணாடி போட்டவள், மதியச் சாப்பாட்டைத் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவள், கல்யாணம் ஆகாதவள்.*

ஒருநாள் காலை அவளுக்கு டாக்டர் ஒருவர் போன் செய்தார். அவர் எழுதியிருந்த 'குழாய் அடைப்பு. நீக்கப்பட்டது. நோயாளி நலம்' என்ற குறிப்பை அவள் கேள்வியோடு திருப்பி அனுப்பியிருந்தாள்.

"அடைப்பை எடுத்தேன்னு எழுதியிருக்கேனேம்மா. இன்னும் என்ன, கவிதையா எழுதணும்?"

"கவிதை வேண்டாம் டாக்டர். எப்படி எடுத்தீங்கன்னு ஒரு வரி போதும்."

"வெந்நீர் விட்டேன். பாதி வெந்நீர், பாதி பிரார்த்தனை."

"பிரார்த்தனைக்குக் கோட் இல்ல டாக்டர்."

அவர் சிரித்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், படுக்கை ஓரம், எக்ஸ்ரே தேவைப்படவில்லை என்று சேர்த்து எழுதி அனுப்பினார். பக்கத்து இருக்கையிலிருந்து டீம் லீட் எட்டிப் பார்த்தார்.

"கேள்விக்காரி, வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல எனக்கு யாரு சார் பதில் சொல்றாங்க?"

அப்போதுதான் அவளுடைய தம்பியின் போன் வந்தது. அப்பாவின் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், நீயும் வந்துவிடு.

* 'கல்யாணம் ஆகாதவள்' என்று ஏன் எழுதினேன்? அவள் பெற்றோருடன் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், கதைக்கு அது தேவை. வேறு காரணம் இல்லை. தங்கை இந்த இடத்தில் ஓரமாக 'கல்யாணம் ஆனவங்க அப்பா அம்மாவோட இருக்கக் கூடாதா?' என்று எழுதியிருக்கிறாள். இருக்கலாம். அப்படியானால் கணவனுக்கும் வேலை கொடுக்க வேண்டும். எனக்குச் சோம்பல்.

4

வீடு. கேள்விக்காரியும் அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டில். தம்பி பக்கத்துத் தெருவில், மனைவி குழந்தைகளோடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் விழுங்கும் திறனும் போய்விட்டன. காது கேட்கும், எல்லாம் புரியும். இடது கையைத் தூக்குவார், தலையாட்டுவார், பிடிக்காத ஆள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். தம்பியின் மாமனார் வரும்போதெல்லாம் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

குழாயைப் பார்த்துக்கொள்வது அம்மா. பகலில் மகள் வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் அவர்கள் இருவர்தான். பவுடரைத் தண்ணீரில் கலக்கி, கட்டியில்லாமல் வடிகட்டி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, மெதுவாக இறக்குவாள். இறங்கும் நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். எதிர்வீட்டில் புதிதாக வந்த நாய், மருமகள் வாங்கிய மிக்ஸி, எல்லாம் சொல்வாள். அவர் ஆரோக்கியமாக இருந்த காலத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'ம்' போடுவார். இப்போது செய்தித்தாள் இல்லை. அம்மா சொல்வதை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை என்று மகளுக்குத் தோன்றும். கிடைத்த காதை அம்மா விடவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னொரு தரம் அடைத்தால் குழாயை மாற்ற வேண்டியிருக்கும் என்று எச்சரித்து, திங்கட்கிழமை அவருடைய டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். கொடுத்த காகிதத்தில் இருந்தது: 'குழாய் அடைப்பு. நீக்கப்பட்டது. குடும்பத்தாருக்கு அறிவுரை வழங்கப்பட்டது.'

"என்ன அறிவுரைடா குடுத்தாங்க?" என்று காரில் கேள்விக்காரி கேட்டாள்.

"ஜாக்கிரதையாப் பார்த்துக்குங்கன்னு" என்றான் தம்பி. பிறகு, கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, "தண்ணி விட்டு அலசறதே இல்லையாம்மா நீ?"

பின்னிருக்கையில் அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த அம்மா, "விட்டிருக்க மாட்டேன் போல" என்றாள்.

"மறந்துடற. வயசாகுதுல்ல?"

"ஆமாடா."

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே தம்பி சொல்லிவிட்டான்: காலையும் மாலையும் நர்ஸ் வரட்டும். ஏஜென்சியில் பேசியாயிற்று. திங்கட்கிழமை டாக்டர் சரி என்றால் அன்றைக்கே ஆரம்பம். அதற்குப் பிறகு அம்மா குழாயில் கையே வைக்கக் கூடாது.

அம்மா சமையலறைக்குப் போய், ஏற்கனவே கழுவிய சிரிஞ்சை மறுபடி கழுவினாள்.

5

இங்கே எனக்குத் தம்பியைப் பற்றி ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எழுதி முடித்துப் படித்தால், அவன் வில்லனைப் போல இருக்கிறான். கார் ஓட்டுகிறான், கண்ணாடியில் பார்த்து அதட்டுகிறான், ஏஜென்சியில் பேசுகிறான். மீசை வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நியாயமாகப் பார்த்தால், அன்று காலை வீட்டுக்கு ஓடிவந்தவன் அவன்தான். அப்பாவின் குழாயில் சிரிஞ்சை வைத்து அழுத்தி, அது கல்லாக நின்றபோது, வலிப்பு மாத்திரை உள்ளே போகவில்லையே என்று பயந்தவன் அவன். பயந்தவனுக்குப் பதில் உடனே வேண்டும். எந்தப் பதிலாக இருந்தாலும் சரி. அப்படிப்பட்டவன் கேட்கும் கேள்வியில் பதில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கோ, மகன் அவ்வளவு பயத்தோடு ஒன்றைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வராது.

எனவே மீசை இல்லை. (தங்கை: 'மீசை வச்சவங்கல்லாம் வில்லனா? அத்தான்கிட்ட சொல்லட்டுமா?' அவள் கணவருக்கு மீசை உண்டு.)

6

அடுத்த நாள் ஞாயிறு. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேள்விக்காரி எதிரில் உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நீ ஏன்ம்மா தண்ணி விடல என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதை முழுங்கிக்கொண்டு, வேலையில் கேட்பது போலவே கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு அப்பாவுக்கு என்னென்ன குடுத்த? எதுக்கப்புறம் எது?"

"எதுக்குடி?"

"சும்மா சொல்லேன்."

"காலையில தண்ணி. அப்புறம் மாத்திரை, பொடிச்சு, கரைச்சு. அப்புறம் தண்ணி. அப்புறம் பால் பவுடர். அப்புறம் ஆரஞ்சு. அப்புறம் தண்ணி."

கேள்விக்காரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஆரஞ்சா?"

"ஜூஸுதான். நல்லா வடிகட்டிட்டுத்தான் விடுவேன். ஒரு சக்கை இருக்காது."

"எப்பலேர்ந்தும்மா?"

"கொஞ்ச நாளா. அவருக்கு ஆரஞ்சுன்னா உசுருல்ல? ஒருநாள் உரிச்சு மூக்குக்கிட்ட காட்டினேன். கண்ணு கலங்கிடுச்சு. வாசனையை மட்டும் காட்டிட்டு ஏமாத்தறதா? அதான் பிழிஞ்சு கொஞ்சம் விட்டேன். கேட்டுட்டுத்தான் விடறேன், தினமும். ஆரஞ்சு வேணும்தானேன்னு கேட்பேன். தலையை ஆட்டுவாரு."

"பால் முடிஞ்சதும் நேரா ஜூஸா? நடுவுல தண்ணி?"

"நடுவுல எதுக்குத் தண்ணி? சாப்பாட்டுக்கு அப்புறம் பழம். பழத்துக்கு அப்புறம் தண்ணி. எல்லாரும் அப்படித்தானே சாப்பிடுவாங்க?"

இந்த இடத்தில் எனக்குக் கதையை நிறுத்திவிட்டு விளக்க வேண்டும் போல இருக்கிறது, நிறுத்துகிறேன். பாலில் புளிப்பு விழுந்தால் திரியும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பவுடரிலும் பாலின் புரதம் இருக்கிறது. பால் போன பிறகு குழாயின் உள்சுவரில் அது மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அதன் மேல் ஆரஞ்சுச் சாறு இறங்கினால் படலம் அங்கேயே திரிந்து, துகள் துகளாகக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் விடும் தண்ணீர் கட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம். வயிற்றுக்குள் பால் திரிவது இயற்கை, அது அங்கே நடக்க வேண்டிய வேலை. ஒரு சாண் முன்னாலேயே நடந்துவிட்டதுதான் தவறு.

அம்மா தண்ணீர் விட மறக்கவே இல்லை. ஒரு பந்தி நடத்துவது போல, வரிசை தவறாமல் பரிமாறியிருக்கிறாள். சாப்பிடுகிறவருக்கு வாய் இல்லை, குழாய்தான் இருக்கிறது என்பதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

மகள் இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா நெடுநேரம் தோலைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாத" என்றாள் கடைசியில்.

"ஏம்மா? நீ தண்ணி விட்டன்னு தெரிஞ்சா நல்லதுதானே?"

"மறந்துட்டேன்னா வயசானவன்னு நினைச்சுக்குவாங்க. இதைச் சொன்னா, மூளை இல்லாதவன்னு நினைச்சுக்குவாங்க. ரெண்டுக்கும் நர்ஸுதான் வரப்போறா. ஆரஞ்சாவது என்கிட்டயே இருக்கட்டும்."

7

இனி முடிவு. எழுதிப் பார்த்தவற்றை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

ஒரு முடிவு: திங்கட்கிழமை, டாக்டர் அறையில் கேள்விக்காரி எழுந்து நின்று, பாலின் புரதம் தொடங்கி எல்லாவற்றையும் விளக்குகிறாள். டாக்டர் வியக்கிறார். தம்பி கண்கலங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'என்னை மன்னிச்சு—'

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது. தம்பி அப்படிப் பேசுகிறவன் இல்லை. தப்பு என்று தெரிந்தால் எல்லாருக்கும் ஐஸ்க்ரீம் வாங்கிவருகிறவன்.

இன்னொரு முடிவு: மகள் அம்மா கேட்டபடி வாயை மூடிக்கொள்கிறாள். நர்ஸ் வருகிறாள். நர்ஸ் இல்லாத மதிய நேரத்தில் அம்மா ரகசியமாக ஆரஞ்சு பிழிகிறாள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மறுபடி அடைக்கும். அழகுக்காக ஒரு மனிதரின் வயிற்றில் புதுக் குழாய் போட முடியாது.

மூன்றாவதாக, அம்மாவே டாக்டரிடம் சொல்லிவிடுவதாக எழுதினேன். இது பரவாயில்லை என்று தோன்றியது. தங்கையிடம் மூன்றையும் படித்துக்காட்டினேன். அவள் என் வீட்டுச் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, என் முறுக்கலான கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டரைக் கேட்டாச்சு. அம்மாவைக் கேட்டாச்சு. தம்பிக்குப் பரிஞ்சு ஒரு பகுதியே எழுதியாச்சு" என்றாள். "குழாய் யாரு வயித்துல இருக்கோ, அந்த மனுஷனை யாராவது கேட்டீங்களா?"

நான் காகிதங்களைப் புரட்டினேன். அப்பா தலையாட்டியிருந்தார். கண்ணை மூடியிருந்தார். கண் கலங்கியிருந்தார். என்ன வேண்டும் என்று அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

"அவராலதான் பேச முடியாதே" என்றேன்.

"கேக்கறதுக்கு அவரு வாய் எதுக்குண்ணா? உன் வாய் போதும்."

8

திங்கட்கிழமை. டாக்டரின் அறை சிறியது. மேஜை மேல் திரை, காகிதங்கள், பாதி குடித்த காபி. அப்பா சக்கர நாற்காலியில். பக்கத்தில் அம்மா, மடியில் சிரிஞ்சும் தண்ணீர் பாட்டிலும் உள்ள பையோடு. தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். கேள்விக்காரி கதவருகே.

டாக்டர் திரையைப் படித்துவிட்டு, "அடிக்கடி அடைக்குது போல. தண்ணி சரியா விடறதில்லையாம்மா?" என்றார்.

அம்மாவின் தலை ஆடத் தயாரானது. மகள் கதவருகிலிருந்து அதைப் பார்த்தாள்.

"அம்மா, எப்படிக் குடுக்கறேன்னு டாக்டர்கிட்ட வரிசையாச் சொல்லும்மா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அம்மா மகளை முறைத்தாள். பிறகு பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, தண்ணீர், மாத்திரை, தண்ணீர், பால் என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரு கணம் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். "அப்புறம் ஆரஞ்சு ஜூஸு" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "அப்புறம் தண்ணி."

தம்பி சுவரிலிருந்து நிமிர்ந்தான். "ஆரஞ்சா? அம்மா, உனக்கு—"

"இரு தம்பி" என்றார் டாக்டர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதான் விஷயம். பால்மேல புளிப்பு விழுந்தா குழாய்க்குள்ளேயே திரிஞ்சுடும். தண்ணி விட்டும் பிரயோஜனம் இல்ல. எதுக்கும்மா ஜூஸு?"

"அவருக்குப் பிடிக்கும்."

"குழாயில போனா ருசியே தெரியாதேம்மா. நாக்கைத் தொடாம நேரா உள்ள போயிடுதே."

இதை அம்மா யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை நாள் பிழிந்து, வடிகட்டி, ஊற்றியதெல்லாம் ருசியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போயிருக்கிறது. தம்பியும் அந்த முகத்தைப் பார்த்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டான்.

கேள்விக்காரி அப்போது நாற்காலிக்கு முன்னால் வந்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகக் குனிந்தாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?"

அறையில் இருந்தவர்கள் ஆரஞ்சு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்; அவரால் சொல்ல முடியாது என்பது ஞாபகம் இருந்தும். அப்பா இடது கையை மெதுவாகத் தூக்கினார். விரல் நீண்டது. மேஜையைத் தாண்டி, காகிதங்களைத் தாண்டி, டாக்டரின் பாதி குடித்த காபியில் போய் நின்றது.

டாக்டர் தன் கோப்பையைப் பார்த்தார்.

"காபியா?" என்றாள் அம்மா. "அப்ப ஆரஞ்சு?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"தினமும் கேட்டேனே. ஆரஞ்சு வேணும்தானேன்னு. தலையை ஆட்டினீங்களே."

"நீ எதைக் கேட்டாலும் அப்பா தலையை ஆட்டுவாரும்மா" என்றான் தம்பி. "கல்யாணம் ஆன நாளிலேர்ந்து." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அம்மா அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள், பையாலேயே.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். இந்த முறை நிறைய எழுதினார்.** குழாயில் ஜூஸ் வேண்டாம். பாலுக்கு முன்னும் பின்னும் தண்ணீர். காபியை விழுங்க முடியாது. ஆனால் விழுங்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட் பார்த்துவிட்டுச் சரி என்றால், பஞ்சுக் குச்சியில் நனைத்து நாக்கில் ஒரு சொட்டுத் தடவலாம். ருசிக்கு அது போதும்.

"சரி" என்று தலையை நிமிர்த்தினார். "இதையெல்லாம் யாரு செய்யப் போறீங்க?"

தம்பி சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டான். ஏஜென்சி எண் அதில் இருந்தது. எடுக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அப்பாவின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான்தானே உங்களுக்கு—"

நிறுத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் நடுவில் நிறுத்திய வாக்கியங்கள் குறைவு. பையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். எல்லாருக்கும் பொதுவான இடத்தில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது போல. பிறகு மறுபடி ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு யாரு குடுக்கட்டும்?"

அப்பா கண்ணைத் திறந்தார். இடது கை நாற்காலியின் பிடியிலிருந்து எழும்பியது.

 ** டாக்டர் என்ன எழுதினார் என்று தங்கையிடம் காட்டினேன். குறிப்பு முழுமையாக இருக்கிறதாம். அவள் வாயிலிருந்து நான் இதுவரை வாங்கிய ஒரே பாராட்டு, அதுவும் டாக்டருக்கு.

9

இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். கை எந்தப் பக்கம் போனது என்று. அழித்துவிட்டேன்.

அறை உங்களுக்குத் தெரியும். யார் எங்கே இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டேன்: பக்கத்தில் அம்மா, சுவரோரம் மகன், எதிரில் மகள், மேஜைமேல் பை. அவர் யாரையும் காட்டலாம். நான் பெயர்கூடச் சொல்லாத அந்த நர்ஸை நினைத்து, வெளியே கதவைக்கூடக் காட்டலாம். மனைவி இனிமேல் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கதை மட்டும் பேசட்டும் என்று. எதுவும் தெரியவில்லை என்பது போலக் கையை விரிக்கவும் செய்யலாம். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பாருங்கள். அவசரப்பட வேண்டாம், அவரும் மெதுவாகத்தான் தூக்குவார்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தலையை ஆட்டிவிடுவீர்கள்.